வெளிநாட்டுச் சந்தைகளும் சாப்பாட்டுத் திருவிழாக்களும்: எப்போது போவது, எதை விடுவது

கல்முனையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். பள்ளிக்கூட ஆசிரியை. டிசம்பர் விடுமுறையில் கணவர், இரண்டு பிள்ளைகள், அம்மா எல்லோருமாக சுவிஸில் பேர்ண் நகரிலுள்ள அண்ணா வீட்டுக்குப் போகப் போகிறார்கள். "கிறிஸ்மஸ் சந்தை, சாப்பாட்டுத் திருவிழா என்று எல்லாரும் படம் போடுகிறார்கள். எதற்குப் போகலாம், எவ்வளவு முடியும்? அம்மா மச்சம் (மீன், இறைச்சி) சாப்பிடமாட்டா, அவவுக்கு அங்கே என்ன கிடைக்கும்? மறுகா, என்னோடு படிப்பிக்கிற மருதமுனை டீச்சர் மலேசியா போக யோசிக்கிறா, அவவுக்கும் சேர்த்துச் சொல்லுங்க." இதுதான் கேள்வி.

நான் சுவிஸில் உணவகச் சமையலறைகளில் கனகாலம் நின்றுவிட்டு ஆரையம்பதிக்குத் திரும்பியவன். லீவு கிடைத்தால் சந்தை சந்தையாகத் திரிவதுதான் அங்கே என்னுடைய பொழுதுபோக்கு. ஆனபடியால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் திகதியைப் பேசுவோம். நம்ம ஊர்க் கணக்கு அங்கே சரிவராது. மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயிலில் கொடியேற்றத்துக்கு ஆள் குறைவு. ஆடி அமாவாசைத் தீர்த்தத்தன்றுதான் கால் வைக்க இடமிருக்காது, கச்சான் கடைக்காரருக்கும் அன்றுதான் உழைப்பு. இதே நினைப்பில், கிறிஸ்மஸ் நெருங்க நெருங்கச் சந்தையும் பெருகும் என்று நம்பி டிசம்பர் 22, 23ஆம் திகதிகளில் போய் இறங்கும் நம்மவர்கள் நிறையப் பேர். அங்கே கிறிஸ்மஸ் சந்தை என்பது பண்டிகைக்கு முந்திய நாலு கிழமைக்கான சந்தை. பண்டிகை வந்ததும் கடையைக் கட்டிவிடுவார்கள். ஜேர்மனியின் நூரன்பேர்க் சந்தை, கிறிஸ்மஸுக்கு முந்திய நாலு ஞாயிறுகளில் முதலாவது ஞாயிறுக்கு முன் வரும் வெள்ளிக்கிழமை தொடங்கி, டிசம்பர் 24 பகல் 2 மணியோடு முடிந்துவிடும். சுவிஸின் பாசல் நகரில் 23ஆம் திகதியே கடைசி. 25ஆம் திகதி பேர்ண் தெருவில் இறங்கினால் பாண் வாங்கவும் கடை தேட வேண்டியிருக்கும்.

ஆகவே மூன்றாம் தவணை முடிகிற நாளைப் பார்த்து, அதற்கு அடுத்த நாளே ஏறுங்கள். விமானச் சீட்டு 20ஆம் திகதிக்குத்தான் மலிவு என்று நாலு நாள் பிந்தினால், போய் இறங்கி ஓரிரு நாளிலேயே நீங்கள் பார்க்கப் போன எல்லாமும் முடிந்துவிடும். எப்படியும் பிந்தித்தான் போகமுடியும் என்றால், பிரான்சின் கொல்மார் நகரை வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கிறிஸ்மஸ் கழிந்தும் சில நாள் சந்தை இருக்கும். பேர்ணிலிருந்து பாசல் வழியாக ரயிலில் காலை போய் இரவு திரும்பிவிடலாம். சுவிஸுக்கு எடுக்கும் ஷெங்கன் விசாவே பிரான்சுக்கும் ஜேர்மனிக்கும் செல்லும்.

நேரமும் முக்கியம். டிசம்பரில் பேர்ணில் பின்னேரம் நாலே முக்காலுக்கெல்லாம் இருட்டிவிடும். கிழமை நாட்களில் மூன்றரைக்குப் போய், விளக்கு ஏற்றுவதைப் பார்த்து, வேலை முடிந்த சனம் வந்து குவிவதற்கு முன் ஐந்தரைக்குத் திரும்புங்கள். சனிக்கிழமை போகவே போகாதீர்கள். பிள்ளைகளின் சட்டைப் பையில் அண்ணாவின் தொலைபேசி இலக்கத்தை எழுதி வைப்பது நல்லது.

இனி, கிறிஸ்மஸ் சந்தையை விட முக்கியமானது என்று நான் நினைக்கும் விசயம். வெளிநாடு போகிறவர்கள் பேர்போன திருவிழாக்களின் பட்டியலைத் தேடிப் பிடித்து, அதற்கேற்ற மாதிரிப் பயணத்தை வளைக்கப் பார்ப்பார்கள். நம்மால் அப்படி வளைக்க முடியாது. நமக்கு ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறைகள்தான். ஐரோப்பாவில் பெரிய அறுவடை செப்டெம்பர், ஒக்டோபரில். நமக்குப் பெரும்போக வெட்டு நடக்கும் மாசி, பங்குனியில் அங்கே வயல் உறைந்து கிடக்கும். இரண்டும் பொருந்தாது. ஆகவே திருவிழாவின் பெயரைத் தேடுவதை விட்டுவிட்டு, நீங்கள் நிற்கப் போகிற கிழமையில் அந்த ஊரைச் சுற்றி என்ன விளைகிறது, எந்தச் சாமானைச் சந்தைக்குக் கொண்டுவருகிறார்கள் என்று அண்ணாவிடம் கேளுங்கள். விளைச்சலுக்குப் பக்கத்தில்தான் நல்ல சாப்பாட்டுச் சந்தை இருக்கும். சுற்றுலாப் பயணிக்கென்று கட்டிய மரக்குடில்களில் பாதிக்கு மேல் எங்கேயோ செய்த பொம்மைதான்.

இதற்கு நல்ல உதாரணம் அண்ணாவின் ஊரிலேயே இருக்கிறது. பேர்ணின் வெங்காயச் சந்தை. அவர்கள் பேச்சில் 'சிபலமெரிட்' என்பார்கள். ஒவ்வொரு நவம்பரும் நாலாவது திங்கட்கிழமை, அந்த ஒரே ஒரு நாள். 1405இல் பேர்ண் நகரம் எரிந்தபோது ஃப்ரிபூர்க் பக்கத்துச் சனம் வந்து கைகொடுத்ததாகவும், அதற்கு நன்றியாக அவர்கள் வெங்காயம் விற்க உரிமை கிடைத்ததாகவும் ஒரு கதை சொல்வார்கள். தீ உண்மை. உரிமைக் கதையைச் சரித்திரம் படித்தவர்கள் ஒத்துக்கொள்வதில்லை. 19ஆம் நூற்றாண்டில்தான் இந்தச் சந்தை உருவானது என்கிறார்கள். இன்றைக்கும் வெங்காயத்தில் பெரும்பகுதி ஃப்ரிபூர்க் பக்கத்து வுய்லி மேட்டுநிலத் தோட்டங்களிலிருந்துதான் வருகிறது.

விடிய ஐந்து மணிக்கே வியாபாரம் தொடங்கிவிடும். இருட்டு, குளிர், பேசினால் வாயிலிருந்து புகை. அந்த நேரத்தில் போனால்தான் அதன் வடிவு தெரியும். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் வெங்காயங்களைத் தாளோடு பின்னி, இடையிடையே காய்ந்த பூவைச் செருகி, கோயிலுக்குக் கட்டிய பூச்சரம் போலக் கடை முழுக்கத் தொங்கவிட்டிருப்பார்கள். பின்னல் எவ்வளவு நீளமோ அவ்வளவு விலை. கிழவிகள் அதைத் தூக்கிப் பார்த்து, ஒவ்வொரு வெங்காயத்தையும் பெருவிரலால் அமத்தி, கழுத்து இறுகிக் காய்ந்திருக்கிறதா என்று சோதித்த பிறகுதான் காசை எடுப்பார்கள். நம்ம சந்தையில் சின்ன வெங்காயம் வாங்கும் அம்மாமார் செய்வதும் இதையேதான். அடுப்பிலிருந்து இறங்கிய சூட்டோடு வெங்காயப் பணிஸ் மாதிரியான ஒரு தட்டைப் பலகாரத்தைத் துண்டு போட்டுக் கடதாசியில் தருவார்கள். அடியில் மா, மேலே வதக்கிய வெங்காயம், கிறீம், முட்டை. பலபேர் பன்றி இறைச்சித் துண்டும் போடுவார்கள், கேட்டுத்தான் வாங்க வேண்டும். பொழுது ஏற ஏற, பிள்ளைகள் வண்ணக் கடதாசித் துகள்களை ஆளுக்காள் தலையில் கொட்டத் தொடங்கிவிடுவார்கள். உங்கள் தலையிலும் விழும், கோபிக்க வேண்டாம்.

நீங்கள் டிசம்பரில் போவதால் இது கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். உங்கள் அம்மா உங்களுக்கு முன்னமே தனியாகவோ வேறு உறவினருடனோ போகிற யோசனை இருந்தால், நவம்பர் மூன்றாம் கிழமையே அவவை அனுப்பிவையுங்கள். அந்த ஒரு காலைக்காகவே போகலாம்.

பாசலின் இலையுதிர்காலச் சந்தையும் இதே வகை. ஒக்டோபர் 30க்கு முந்திய சனிக்கிழமை தொடங்கி இரண்டு கிழமை நடக்கும். 1471இல் பேரரசர் மூன்றாம் ஃபிரடரிக் கொடுத்த அனுமதியில் ஆரம்பித்தது, சுவிஸிலேயே மூத்த சந்தை. மார்ட்டின் தேவாலய மணியை அடித்துத்தான் தொடங்குவார்கள். மணியடிப்பவருக்குக் கூலி ஒரு சோடிக் கையுறை. தொடக்கத்தில் ஒன்று, மற்றது சந்தை முடிகிற அன்று. வேலையை முடிக்காமல் ஆள் ஓடிவிடக்கூடாது என்று யோசித்திருக்கிறார்கள் போல! கொட்டைப் பருப்பு உள்ளே வைத்த கட்டிச் சீனி மிட்டாய், கறுவா, கராம்பு போட்ட கேக் துண்டுகள் என்று அங்கே இனிப்புத்தான் பிரதானம்.

சரி, டிசம்பருக்கு வருவோம். அம்மாவின் சாப்பாடுதான் உங்கள் கேள்வியில் முக்கியமானது. அதைச் சமையலறையில் நின்றவனாகச் சொல்கிறேன்.

பயமில்லாமல் வாங்கக் கூடியது சுட்ட கஷ்கொட்டை. ஒக்டோபரிலிருந்தே தெருமுனைகளில் இரும்புச் சட்டியில் சுட்டுக்கொண்டிருப்பார்கள். கொட்டையில் கீறல் போட்டு நெருப்பில் வாட்டுவதைத் தவிர வேறு ஒன்றும் சேர்ப்பதில்லை. சுவிஸில் தரும் கடதாசிப் பையில் இரண்டு அறை இருக்கும், ஒன்றில் கொட்டை, மற்றதில் நீங்கள் உரிக்கும் தோல். தெருவில் ஒரு தோல் விழாது. நம்ம கோயில் வீதியில் கச்சான் கோது கிடக்கிற கிடைக்கு இதை யாராவது கொண்டுவந்தால் புண்ணியம். அடுத்தது, சீனிப்பாகில் புரட்டி வறுத்த வாதுமை. வாசம் தூரத்திலேயே பிடித்து இழுக்கும். அதுவும் சைவம்தான். ஜேர்மன் பக்கம் போனால், துருவிய உருளைக்கிழங்கைத் தட்டி எண்ணெயில் பொரித்து ஆப்பிள் கூழோடு தருவார்கள். அம்மா முட்டை சாப்பிடுவா என்றால் இது நல்ல வயிறு நிறைந்த சாப்பாடு. முட்டை கூடாதென்றால் வேண்டாம், மாவோடு முட்டையும் சேர்த்துத்தான் பிசைவார்கள்.

சிக்கல் வருவது, சைவம் மாதிரித் தெரிகிற சாமான்களில். உருக்கிய சீஸில் பாணைத் தோய்த்துச் சாப்பிடும் ஃபொண்டூவில் வெள்ளை வைன் ஊற்றித்தான் சீஸை உருக்குவார்கள், கூடவே செர்ரிப்பழச் சாராயமும் கொஞ்சம் சேரும். கொதித்துப் பறந்துவிடும் என்பார்கள். முழுக்கப் பறக்காது. பழைய முறையில் செய்யும் குருயேர் போன்ற சீஸ்களில் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த சாமானைத்தான் பாவிக்கிறார்கள். உங்கள் அம்மா இதெல்லாம் பார்க்கிற ஆளென்றால் சீஸ் கடைப் பக்கமே போகவேண்டாம். பார்க்காதவ என்றால் தெரிந்துகொண்டு சாப்பிடட்டும். கிறிஸ்மஸுக்கு விற்கும் ஸ்டோலன் என்ற பழக் கேக்கில் முந்திரிகை வற்றலைப் பெரும்பாலும் ரம்மில் ஊறப்போட்டிருப்பார்கள். உருளைக்கிழங்கைச் சில இடங்களில் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள். முஸ்லிம் குடும்பங்களுக்கும் இந்த நாலும் அப்படியே பொருந்தும்.

கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். 'ஓன ஃப்ளைஷ்' என்றால் இறைச்சி இல்லாமல், 'ஓன அல்கொஹோல்' என்றால் மதுபானம் இல்லாமல். இந்த இரண்டையும் பிள்ளைகளுக்குப் பாடமாக்கிக் கொடுத்தால் அவர்களே கேட்டுச் சொல்வார்கள். ஒன்று மட்டும் கவனம்: பன்றி இறைச்சித் துண்டைச் சில கடைக்காரர்கள் இறைச்சிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, வாசனைக்குப் போட்டது என்பார்கள். தட்டை எட்டிப் பார்த்து வாங்குங்கள்.

குடிக்கிறதில், பெரியவர்கள் கையில் ஆவி பறக்க வைத்திருப்பது கறுவா, கராம்பு போட்டுச் சூடாக்கிய வைன். அதே பானையின் பக்கத்தில் பழச்சாற்றில் செய்தது பிள்ளைகளுக்கென்று இருக்கும், 'கின்டர்புன்ஷ்' என்று கேளுங்கள். இரண்டும் ஒரே நிறம், ஒரே வாசம், ஒரே கோப்பை. கை மாறிவிடாமல் பிள்ளைகளுக்குத் தனியாக வாங்குங்கள்.

கோப்பைக்குத் தனிக்காசு எடுப்பார்கள், சில யூரோ அல்லது பிராங். கோப்பையைத் திருப்பிக் கொடுத்தால் காசும் திரும்பும். குடிப்பதற்கு இவ்வளவு விலையா என்று நம்மவர்கள் திகைப்பது இந்தக் கணக்கு தெரியாமல்தான். ஒவ்வொரு வருடமும் புதுப் படம் போட்ட கோப்பை வரும். திருப்பிக் கொடுக்காமல் நினைவுக்கு வீட்டுக்கே கொண்டுபோகலாம், அதுதான் சந்தையிலேயே மலிவான நினைவுப்பொருள்.

செலவைக் கேட்டீர்கள். சுவிஸில் ஒரு தட்டுச் சாப்பாடு 10 முதல் 15 பிராங் வரும். ஐந்து பேர் வயிறு நிறையச் சாப்பிடப் போனால் நம்ம காசில் கணக்குப் பார்க்கவே மனம் வராது. அண்ணி வீட்டில் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் போய், அங்கே மூன்று தட்டு வாங்கி ஐந்து பேர் பங்கிடுங்கள். தண்ணீர்ப் போத்தலுக்குக் காசு கொடுக்காதீர்கள். சுவிஸ் ஊர்களில் தெருவில் ஓடும் கல் தொட்டித் தண்ணீர், குடிக்கக்கூடாதென்று எழுதியிருந்தாலொழிய நல்ல தண்ணீர். ரயிலுக்கு வெளிநாட்டவர் வாங்கும் சுவிஸ் ட்ராவல் பாஸ் எடுப்பீர்களென்றால், 6 முதல் 15 வயதுப் பிள்ளைகள் பெற்றோரோடு சும்மா போகும் குடும்ப அட்டையையும் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் தரமாட்டார்கள். அண்ணா வீட்டிலேயே நின்று ஒன்றிரண்டு ஊருக்குத்தான் போகப்போகிறீர்கள் என்றால் அந்தப் பாஸ் நட்டம். முற்கூட்டியே வாங்கும் ஒருநாள் சீட்டுப் போதும். அதை எவ்வளவு முந்தி எடுக்கிறீர்களோ அவ்வளவு மலிவு.

காலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் உங்கள் அம்மா என்னைத் திட்டுவா. கல்லுப் பதித்த தரையில் ஒரு மணித்தியாலம் நின்றால் குளிர் காலுக்குள்ளால்தான் ஏறும். மேலுக்கு எத்தனை உடுப்புப் போட்டாலும் சரிவராது. தடித்த அடியுள்ள சப்பாத்தும் கம்பளிக் காலுறையும் அங்கே போய் வாங்குங்கள். இங்கே கொழும்பில் குளிருக்கென்று விற்பது அந்தக் குளிருக்கு ஈடுகொடுக்காது.

ஸ்ட்ராஸ்பூர்க் சந்தைக்குப் போகலாமா என்றும் சிலர் கேட்பார்கள். 1570இலிருந்து நடக்கிறது, பெரிய பேர். கூட்டத்தைத் தாங்குகிற ஆட்கள் போகலாம். அம்மாவோடும் பிள்ளைகளோடும் என்றால் கொல்மாரே எனக்கு நல்லதாகப் படுகிறது. மியூனிச்சின் ஒக்டோபர் திருவிழாவுக்கு இந்தக் குடும்பத்தோடு போகச் சொல்லவே மாட்டேன். பெயர் ஒக்டோபர் என்றாலும் பெரும்பகுதி செப்டெம்பரில்தான் நடக்கும். 1810இல் பவேரிய இளவரசரின் கலியாணத்தையொட்டித் தொடங்கியது. உள்ளே போகக் காசில்லை, ஆனால் மேசை பிடிக்க மாதக்கணக்கில் முந்த வேண்டும், பெரிய பைகளை உள்ளே விடமாட்டார்கள், ஒரு லீற்றர் பியருக்கு 15 யூரோ அளவில் வரும். குடிக்காத ஆளுக்கு அங்கே ராட்டினத்தைத் தவிர வேலை இல்லை. கட்டாயம் போகத்தான் வேண்டுமென்றால், குடும்பத்துக்கென்று விலை குறைக்கும் செவ்வாய்க்கிழமை பகலில் போய்விட்டு வாருங்கள்.

இன்னொரு முறை போக வாய்த்தால் ஆகஸ்டில் போங்கள், போய் இத்தாலியில் இறங்குங்கள். நான் பார்த்த சாப்பாட்டுத் திருவிழாக்களில் எனக்கு மனதுக்குப் பிடித்தது இத்தாலியக் கிராமங்களின் 'ஸாக்ரா'தான். ஒவ்வொரு கிராமமும் ஒரு சாப்பாட்டைச் சொந்தமாக்கி வைத்திருக்கும். ஒன்றில் காளான், மற்றதில் வெங்காயம், இன்னொன்றில் திராட்சை, கரையோரத்தில் மீன். ஊர்ச் சங்கம் நடத்தும், ஊர்ப் பெண்கள் சமைப்பார்கள், பெடியன்கள் பரிமாறுவார்கள், மிச்சக் காசு ஊர் வேலைக்குப் போகும். ஆகஸ்ட் 15ஐச் சுற்றிய கிழமைகளில் எந்தப் பக்கம் போனாலும் ஒன்று இருக்கும். இணையத்தில் தேடுவதை விட, வீதியோரத்தில் ஒட்டியிருக்கும் பெரிய எழுத்து விளம்பரங்களைப் பார்த்தால் போதும். பேர்ணிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக டொமோடொஸோலா வரை இரண்டு மணித்தியாலத்துக்குள் ரயிலில் போய்விடலாம், அதுவே இத்தாலி.

அங்கே ஒரு முறை இருக்கிறது. முதலில் போய் மேசையில் குந்தக்கூடாது. காசுக் கூண்டுக்குப் போய், பட்டியலைப் பார்த்து, எது எத்தனை என்று சொல்லிக் காசு கட்டித் துண்டு வாங்க வேண்டும். அந்தத் துண்டைச் சமையல் பக்கம் கொடுத்துவிட்டு, நீளமான வாங்கில் யார் பக்கத்திலோ இடம் பிடித்து இருக்கவேண்டும். இரவு ஏழரைக்கு முன் அடுப்பே மூட்டமாட்டார்கள், ஒன்பதுக்குப் பிறகு நல்ல சாமான் முடிந்துவிடும். பக்கத்திலிருக்கும் கிழவர் உங்கள் தட்டைப் பார்த்து, இதை இப்படிச் சாப்பிடக்கூடாது என்று கையைக் காட்டிப் படிப்பிப்பார். மொழி தெரியாவிட்டாலும் இரவு கழியும். மீன்பிடி ஊர்க்காரருக்கு மே மாதம் ஒன்று இருக்கிறது: ஜெனோவாவுக்குப் பக்கத்துக் கமோலி என்ற கடற்கரை ஊரில், மீனவர்களின் காவல் புனிதர் ஃபொர்துனாத்தோவின் பேரில், மே இரண்டாவது ஞாயிறு வீடளவு பெரிய தாச்சியில் மீன் பொரித்துக் கொடுப்பார்கள். 1952இல் தொடங்கியது. பூநொச்சிமுனைக்காரர், பாசிக்குடாக்காரர் யாராவது அந்தப் பக்கம் இருந்தால் தவறவிடக்கூடாது. நம்ம பள்ளி விடுமுறைக்கு மட்டும் அது ஒத்துவராது.

கனடா போகிறவர்களுக்கும் இதே விடுமுறைச் சிக்கல்தான். மேப்பிள் மரத்துப் பாணி காய்ச்சும் திருவிழாக்கள் மார்ச்சிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் நடக்கும். இரவில் உறைந்து பகலில் உருகும் அந்தச் சில கிழமைகளில்தான் மரத்தில் நீர் ஓடும். ஏறக்குறைய 40 லீற்றர் மரநீரைக் காய்ச்சினால் 1 லீற்றர் பாணி. ஒன்ராறியோவில் எல்மைரா என்ற ஊரில் 1965இலிருந்து இதற்கென்றே ஒருநாள் திருவிழா வைக்கிறார்கள். சித்திரை வருடப்பிறப்பு விடுமுறைக்கு நீங்கள் போய் இறங்கும்போது அது முடிந்திருக்கும். ஆகஸ்டில் போனால் ரொறன்ரோவில் 1879இல் தொடங்கிய பெரிய கண்காட்சி நடக்கும், அதே மாதக் கடைசியில் ஸ்காபரோவின் மார்க்கம் வீதியில் நம்ம ஆட்களின் தெருவிழாவும் இருக்கும். கொத்துரொட்டி சாப்பிடக் கனடா போக வேண்டுமா என்பது உங்கள் விருப்பம்.

கல்முனைக்காரருக்கென்று நான் வைத்திருக்கும் விசயம் இனித்தான். பக்கத்துப் பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பைப் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். தாய்லாந்தின் புக்கெட்டில், சீன வழித் தாய்லாந்து மக்கள் ஒன்பது நாள் மரக்கறி விரதத் திருவிழா வைக்கிறார்கள். அங்கேயும் தீமிதிப்பு, கன்னத்தில் வேல் குத்துவது, வெள்ளை உடுப்பு, சாமியாடிகள் ஊர்வலம். ஈயச் சுரங்கக் காலத்தில் கத்து என்ற ஊருக்கு வந்த சீனக் கூத்துக் குழு நோயில் விழுந்து, விரதமிருந்து பிழைத்ததால் தொடங்கியது என்று சொல்வார்கள். சீனக் கணக்கில் ஒன்பதாம் மாதத்து வளர்பிறை ஒன்பது நாட்கள். பல வருடங்களில் நம்ம நவராத்திரியும் அதே நாட்களில்தான் வரும். சீன நாட்காட்டியில் மிகை மாதம் வந்தால் ஒரு மாதம் தள்ளிப் போகும். 2025இல் அப்படித்தான், நவராத்திரி செப்டெம்பரில் தொடங்க, புக்கெட் திருவிழா ஒக்டோபர் பிற்பகுதியில் நடந்தது.

அந்த ஒன்பது நாளும் மஞ்சள் துணியில் சிவப்பெழுத்துக் கொடி கட்டிய கடைகளில் வாங்கினால் மச்சம் மட்டுமல்ல, முட்டை, பால், வெங்காயம், உள்ளி எதுவும் இருக்காது. இதற்கு 'ஜே' சாப்பாடு என்று பேர். மற்ற நாட்களில் தாய்லாந்தில் மரக்கறி என்று கேட்டால் மீன் சாறு ஊற்றித்தான் தருவார்கள், ஆகவே 'ஜே' என்றே கேட்க வேண்டும். கண்ணகி அம்மன் சடங்கு நாட்களில் ஊரே மச்சத்தை விட்டு, கடைசிச் சடங்கான குளிர்த்தி முடியும்வரை இருப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தெருக்கள் அந்நியமாகவே இருக்காது. உங்கள் அம்மாவுக்கு ஐரோப்பாவை விட இதுதான் ஏற்றது என்று தயங்காமல் சொல்வேன். ஊர்வலத்தில் சீன வெடி சரம் சரமாகப் போடுவார்கள், பிள்ளைகளின் காதுக்குப் பஞ்சு வையுங்கள், முன்வரிசையில் நிற்கவேண்டாம்.

மருதமுனை டீச்சருக்கு: ரமழான் மாதத்திலேயே மலேசியா போகச் சொல்லுங்கள். உங்கள் பாடசாலை முஸ்லிம் பாடசாலையென்றால், நோன்பு விடுமுறை கிடைப்பதால் அவவுக்கு அது வசதி. கோலாலம்பூரின் கம்போங் பாருவிலும் மற்ற இடங்களிலும் நோன்புச் சந்தை பின்னேரம் மூன்று, நாலு மணிக்குத் தொடங்கி நோன்பு திறக்கும் நேரத்தோடு வடிந்துவிடும். நாலரைக்கும் ஆறுக்கும் இடையில் போக வேண்டும். பிந்தினால் சட்டியின் அடிதான் மிஞ்சும். கம்போங் பாரு ஜாமிஆ பள்ளிவாசலில் 'புபுர் லம்பூக்' என்ற கஞ்சியைக் காய்ச்சி வருகிறவர்களுக்கெல்லாம் பங்கிடுவார்கள். நம்ம பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி குடித்து வளர்ந்தவ, இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்லட்டும். சிங்கப்பூரின் கேலாங் செராய் சந்தை இரவிலும் ஓடும், ஆனால் விலை கடிக்கும். பகலில் யாரும் தெருவில் நின்று சாப்பிடக்கூடாது. முஸ்லிம்களாக இருந்தால் மலேசியாவில் அபராதமும் உண்டு. ரமழான் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முந்தி வருவதை மறந்து, போன வருடத் திகதிக்குச் சீட்டு எடுத்துவிட வேண்டாம். வைத்தியத்துக்கு டிசம்பரில் சென்னை போகிறவர்கள் மார்கழிக் கச்சேரி நடக்கும் சபாக்களின் கன்டீனை எட்டிப் பாருங்கள். பாட்டுக் கேட்காமல் அடைக்கு மட்டும் போகிறவர்களும் இருக்கிறார்கள், யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

கடைசியாகக் கடதாசி வேலை. ஷெங்கன் விசாவுக்குப் பயணத் திகதிக்கு 6 மாதத்துக்கு முன்னிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளுக்கு முன் கொடுத்திருக்க வேண்டும். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு 45. கைரேகைக்குக் கொழும்பு போக வேண்டும், 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கைரேகை இல்லை. அம்மாவை இரவு பஸ்ஸில் இருத்தி அலைக்காமல், எல்லோருக்கும் ஒரே நாளில் நேரம் எடுங்கள். டிசம்பர் பயணமென்றால் செப்டெம்பரிலேயே கொடுத்துவிடலாம்.

போகும்போது பெட்டிக்குள் என்ன வைப்பது என்று அண்ணி ஒரு பட்டியல் அனுப்புவா, எனக்குத் தெரியும். தயிர், நெய், பால் இனிப்பு, இறைச்சி ஒன்றும் கூடாது. கறிவேப்பிலை, முருங்கைக்காய், மாம்பழம் தாவரச் சான்றிதழ் இல்லாமல் கூடாது, பிடித்தால் குப்பைத் தொட்டிதான். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, டுரியன் இந்த ஐந்துக்கு மட்டும் சான்றிதழ் தேவையில்லை. கருவாடு தாராளமாகக் கொண்டுபோகலாம், ஆளுக்கு 20 கிலோ வரை விடுவார்கள். விமானத்தில் பக்கத்து ஆசனத்துக்காரர் விடுவாரா என்பதைப் பார்த்து, நாலு பொலித்தீனில் சுற்றுங்கள். திரும்பி வரும்போது தேன், பாணி, பழக்கூழ் எல்லாம் பெரிய பெட்டிக்குள்ளேயே போகட்டும். 100 மில்லிக்கு மேலே உள்ள போத்தலைக் கைப்பையில் வைத்தால் பல விமான நிலையங்களில் எடுத்துவிடுவார்கள்.